22 கிலோ குறைந்தது, பாராட்டைக் கேட்டால் கோபம் வருகிறது

நிலாமுற்றம் | திங்கள், இரவு 10.40

எனக்கு வயது 41. பதினான்கு மாதங்களில் 22 கிலோ குறைத்தேன். எப்படிக் குறைத்தேன் என்று யாரும் கேட்க வேண்டாம். இந்த இழை அதற்காக இல்லை.

எடை இறங்கினால் தலை தானாக நிமிரும் என்று நம்பியிருந்தேன். முதல் பத்துக் கிலோ வரை அப்படித்தான் இருந்தது. பிறகு அலுவலகத்தில் பாராட்டு தொடங்கியது. ஏழு ஆண்டுகளாக ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கியும் என் முகத்தைப் பார்த்திராத ஒருவர், கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஆளே மாறிவிட்டீர்களே, அருமை" என்றார். நன்றி சொன்னேன். இருக்கைக்கு வந்து உட்கார்ந்ததும் கை நடுங்கியது. அவ்வளவு கோபம். அப்படியானால் அந்த ஏழு ஆண்டுகளாக நான் யார்? அந்தக் கதவு எனக்காக ஒருமுறைகூட ஏன் நிற்கவில்லை?

கூட்டங்களிலும் இதே கதைதான். போன ஆண்டு நான் சொன்னபோது காற்றோடு போன யோசனையை இந்த ஆண்டு சொன்னால் குறித்துக்கொள்கிறார்கள். என் மூளையின் எடையில் எந்த மாற்றமும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இப்போது நான்கு கிலோ திரும்பி வந்துவிட்டது. நாளுக்கு மூன்று முறை எடை பார்க்கிறேன். காலையில் 300 கிராம் கூடியிருந்தால் அன்று முழுக்க யாரிடமும் பேசப் பிடிப்பதில்லை. பருமனாக இருந்த காலத்தில்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை. எடை குறைந்தவர்களிடம் கேட்கிறேன்: உங்கள்மேல் உங்களுக்கு மதிப்பு கூடியதா, அல்லது மற்றவர்கள் கொடுத்த மரியாதையை அப்படி நினைத்துக்கொண்டீர்களா?

கூழாங்கல் | திங்கள், இரவு 11.05

கதவு நின்ற இடத்தில் நானும் நின்றுவிட்டேன்.

எனக்கு அது பஸ் இருக்கை. என் பக்கத்து இடம் எப்போதும் கடைசியாகத்தான் நிரம்பும். 15 கிலோ குறைந்த பிறகு முதலில் நிரம்பத் தொடங்கியது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்திருந்தது காலி இருக்கைதான், பை வைக்க வசதியாக இருந்தது. ஆனால் அது காலியாக இருந்த காரணம் தெரிந்துவிட்ட பிறகு எப்படிப் பிடிக்கும்?

எடையெல்லாம் திரும்பி வந்துவிட்டது, பக்கத்து இடமும் பழையபடி காலி.

வழிப்போக்கன் | செவ்வாய், காலை 7.15

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஓர் ஆணாகக் கேட்கிறேன். ஆரோக்கியம் கூடியிருக்கிறது, பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள். இதில் கோபப்பட என்ன இருக்கிறது? உடம்பைக் கவனித்தால் தன்னம்பிக்கை பின்னாலேயே வரும் என்பது என் அனுபவம். பெண்கள் எந்நேரமும் இதையே நினைத்துக்கொண்டிருப்பதுதான் சிக்கலோ என்று தோன்றுகிறது.

அரைப்புள்ளி | செவ்வாய், காலை 9.30

புள்ளியியல் படித்தவள் என்பதால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: யாராவது "இது வந்தால் அது வரும்" என்றால் கையில் பென்சிலை எடுத்துவிடுவேன்.

தன்மதிப்பை அளக்க உலகெங்கும் அதிகம் பயன்படும் வினாத்தாள் அமெரிக்கச் சமூகவியலாளர் மாரிஸ் ரோசன்பெர்க் 1965-இல் வெளியிட்டது. மொத்தம் பத்து வாக்கியங்கள். என்னிடம் நல்ல குணங்கள் இருக்கின்றன, பெருமைப்பட என்னிடம் அதிகம் இல்லை, சில நேரம் நான் எதற்கும் உதவாதவள் என்று தோன்றுகிறது என்ற வகையில் போகும். பத்தில் ஒன்றில்கூட உடம்பு என்ற சொல் இல்லை, கண்ணாடி இல்லை, தராசு இல்லை. அப்படியிருந்தும் அதை நிரப்பும் பெண்களில் பலர் விடை தேடிப் போகும் இடம் தராசுதான்.

எடைக்கும் தன்மதிப்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் பலரும் நினைப்பதைவிடச் சிறியது. 1999-இல் இது பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவானது. உண்மையான எடையைவிட, "நான் பருமன்" என்று ஒருவர் தன்னைப் பற்றி நினைப்பதற்கும் தன்மதிப்புக்கும்தான் தொடர்பு வலுவாக இருந்தது. தராசில் ஒரே எண்ணைக் காட்டும் இரண்டு பெண்களில் ஒருத்தி நிம்மதியாகத் தூங்குவாள், இன்னொருத்தி தூங்கமாட்டாள்.

அந்த "பருமன்" என்ற கோட்டை யார் போட்டது என்பதும் ஒரு கதை. உடல் நிறை குறியீட்டெண்ணுக்கு (BMI, கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) அடிப்படையான கணக்கை 1830-களில் போட்டவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே. வானியலாளர், கணிதர், மருத்துவர் அல்ல. அவர் தேடியது "சராசரி மனிதன்" என்ற ஒன்றை. தனி ஒருத்தியின் உடல்நலத்தைச் சொல்ல அவர் அதைச் செய்யவில்லை. 1972-இல் அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ் அதற்கு இப்போதைய பெயரை வைத்தார். 1998-இல் அமெரிக்காவில் அதிக எடைக்கான எல்லையை 25-க்கு இறக்கினார்கள். பெண்களுக்கு அதுவரை அது 27.3. கோடிக்கணக்கானோர் ஒரு கிராம்கூடக் கூடாமல் மறுநாள் காலையில் அதிக எடைக்காரர்களாக எழுந்தார்கள்.

வழிப்போக்கன், நீங்கள் சொல்லும் "பின்னாலேயே வரும்" என்பது சிலருக்கு நடக்கிறது. ஆனால் நிலாமுற்றம் அக்காவுக்கு எடை குறைந்தபோது கூடவே வந்தது மற்றவர்களின் ஒப்புதல். ஜெனிஃபர் குரோக்கர் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2000-களின் தொடக்கத்தில் வைத்த கேள்வியே வேறு. தன்மதிப்பு எவ்வளவு என்பதைவிட அது எதன்மேல் நிற்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். தோற்றத்தின்மேல், பிறர் ஒப்புதலின்மேல் நிற்கும் மதிப்பு உயரமாக இருக்கலாம், ஆனால் தினமும் ஆடும். 300 கிராமுக்கு ஆடும்.

இரவுப்பணி | செவ்வாய், பிற்பகல் 2.10

செவிலியராக 18 ஆண்டுகள் ஆகின்றன. வழிப்போக்கன் அவர்களின் கடைசி வரிக்கு மட்டும் முதலில் பதில்.

அரைப்புள்ளி சொன்ன அதே ஆன்செல் கீஸ் 1944–45-இல் மினசோட்டாவில் ஓர் ஆய்வு நடத்தினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள், எல்லாரும் ஆண்கள், தாங்களாக முன்வந்தவர்கள். ஆறு மாதம் அவர்களின் உணவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். அவர்களுக்கு வேறு எதிலும் நாட்டம் இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள், உணவைக் கனவில் கண்டார்கள், எரிந்து விழுந்தார்கள். மீண்டும் சாப்பிடத் தொடங்கிய பிறகு சிலர் "வயிறும் தொடையும் கொழுத்துப் போயிற்று" என்று வருந்தினார்கள். எந்நேரமும் இதையே நினைப்பது பெண்புத்தி இல்லை ஐயா, பசித்த புத்தி. பெண்களை ஆண்டுக்கணக்கில் அரைப்பட்டினி இருக்கச் சொல்லிவிட்டு, ஏன் இதையே நினைக்கிறாய் என்று கேட்டால் எப்படி?

நிலாமுற்றம், உங்கள் நான்கு கிலோ பற்றி. அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த முடிவு 2016-இல் வந்தது. 13 பேருக்கு எடை திரும்பியிருந்தது. அதைவிட முக்கியம், ஓய்வில் அவர்கள் உடல் செலவழித்த ஆற்றல், அந்த உடல்வாகுக்கு எதிர்பார்க்கும் அளவைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாக இருந்தது. எடை இழந்த உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு சிக்கனம் பிடிக்கிறது. திரும்பிய நான்கு கிலோவில் உங்கள் குணத்தைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை.

300 கிராம் என்பது ஒரு பெரிய தம்ளர் தண்ணீர். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் ஒன்றிரண்டு கிலோ நீர் சேர்வது சாதாரணம். நாளுக்கு மூன்று முறை நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் தண்ணீரின் போக்குவரத்தைத்தான்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 300 கிராமுக்காக ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேச முடியவில்லை என்றால் ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். உண்ணுதல் கோளாறு எலும்பும் தோலுமாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்று நினைப்பதால் எத்தனையோ பேர் தாமதமாக வருகிறார்கள். அது எந்த எடையிலும் வரும்.

பளுதூக்கி | செவ்வாய், மாலை 6.45

எல்லாரும் கோபிக்கப் போகிறீர்கள், பரவாயில்லை. எடை குறைந்தது எனக்கு உதவியது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் தொல்லை இருந்தது, போய்விட்டது. இரண்டு மாடி ஏறி நின்று மூச்சு வாங்காமல் பேச முடிகிறது. தூங்கி எழுந்த பெண் தூங்காத பெண்ணைவிடத் தன்னை மதிப்பாள், இதற்கு வினாத்தாள் தேவையில்லை. எடைக்கும் மனத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது எழுதினால் நான் இந்த இழையில் இருக்கமாட்டேன்.

ஆனால் ஒரு திருத்தம் உண்டு. எனக்குள் மாற்றம் தொடங்கிய நாளில் எடை குறைந்திருக்கவில்லை. அன்று முதன்முறையாக 60 கிலோவைத் தரையிலிருந்து தூக்கினேன். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் என் எடை அரைக் கிலோ கூடியிருந்தது. அதுவரை உடம்பு என்றால் பிறர் பார்க்கும் பண்டம். அன்றுதான் அது வேலை செய்யும் என்று தெரிந்தது. பயிற்சிக்கூடத்தில் கண்ணாடி இல்லாத மூலை ஒன்று இருக்கிறது, இன்னமும் அங்கேதான் பயிற்சி செய்கிறேன்.

அரைப்புள்ளி | செவ்வாய், இரவு 8.20

கண்ணாடி என்றதும் நினைவுக்கு வருகிறது. 1998-இல் உளவியலாளர் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் சகாக்களும் வெளியிட்ட சோதனை. மாணவர்களில் சிலருக்கு நீச்சலுடை, சிலருக்குக் கம்பளிச் சட்டை. அறையில் ஒரு கண்ணாடி, வேறு யாருமில்லை. உடையோடு உட்கார்ந்து கணக்குகள் போட வேண்டும். நீச்சலுடையில் இருந்த பெண்கள் கம்பளிச் சட்டைப் பெண்களைவிடக் கணக்கில் பின்தங்கினார்கள். ஆண்களுக்கு அப்படி ஆகவில்லை. யாரும் பார்க்காத அறையில்கூடப் பெண்ணின் மனத்தில் ஒரு பகுதி, பார்ப்பவர் இடத்தில் போய் நின்று தன்னைப் பார்க்கிறது. கணக்குப் போட மீதிதான் இருக்கிறது.

வழிப்போக்கன், உங்களுக்குத் தானாக வந்த தன்னம்பிக்கை உங்கள் மனைவிக்கோ சகோதரிக்கோ ஏன் தானாக வரவில்லை என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

மூங்கில் | புதன், காலை 6.50

எனக்கு இங்கே இடம் உண்டா தெரியவில்லை. நான் 43 கிலோ. தைராய்டு மிகையாகச் சுரந்ததால் இளைத்தேன். "உனக்கென்ன, கொடுத்துவைத்தவள்" என்கிறார்கள். இதயம் நிமிடத்துக்கு 120 முறை அடித்துக்கொண்டிருந்த காலத்தில் என் தோழி ஒருத்தி, "இந்த நோய் எனக்கு வந்தால் என்ன" என்று சிரித்தாள். சிகிச்சையால் ஆறு கிலோ கூடப்போகிறது என்று மருத்துவர் சொன்னபோது எனக்கே ஒரு கணம் வருத்தமாக இருந்தது. அதை நினைத்துத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

நிலாமுற்றம் | புதன், காலை 7.05

இடம் உண்டு மூங்கில். நல்ல இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

சாய்வுநாற்காலி | புதன், முற்பகல் 11.00

எனக்கு 66 வயது. உங்கள் ஆய்வுகளையெல்லாம் ஆர்வமாகப் படித்தேன். என் வாழ்க்கையில் முதல் தராசு என் அம்மாவின் கண். நான் அறைக்குள் நுழைந்தால் அது தலையிலிருந்து கால்வரை ஒருமுறை இறங்கும். சொல் எதுவும் வராது. அம்மாவும் தன் வாழ்நாள் முழுக்கத் தன்னைக் குண்டு என்று சொல்லிக்கொண்டவர். இப்போது பழைய புகைப்படங்களைப் பார்த்தால் எந்தக் குண்டைப் பற்றிப் பேசினார் என்றே புரியவில்லை. அதே போல என் முப்பது வயதுப் படங்களில் என்னைப் பார்க்கிறேன். அந்தப் பெண்ணுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எல்லாப் படத்திலும் யாருடைய தோளுக்குப் பின்னாலாவது பாதி மறைந்து நிற்கிறாள்.

மாதவிலக்கு நின்ற பிறகு இடுப்பு தன் இஷ்டத்துக்குப் போனது. ஆச்சரியம் என்னவென்றால் பார்ப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். கிழவியை யாரும் அளப்பதில்லை. பெரிய விடுதலை என்று எழுத ஆசை. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் அதுவும் வலித்தது.

உடம்பைப் பற்றிய இன்னொரு வழக்கும் என்னிடம் உண்டு. நாற்பதுகளில் மூன்று ஆண்டுகள் தீராத சோர்வு. போன இடமெல்லாம் "எடையைக் குறையுங்கள்". நான்காவதாகப் பார்த்த ஓர் இளம் மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். இரத்தசோகை, அதுவும் கடுமையாக. மூன்று ஆண்டுகளாக நான் என்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் திட்டை எங்கே போய்த் திருப்பித் தருவது?

இரவுப்பணி | புதன், பிற்பகல் 1.30

அம்மா, நீங்கள் சொன்னது அடிக்கடி நடக்கிறது, எங்கள் துறைக்கு இது பெருமையில்லை. திட்டினால் திருந்துவார்கள் என்ற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்டோரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் உடற்பருமன் இல்லாதவர்களில், எடைக்காகப் பாகுபாட்டுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் பின்னர் பருமனாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு. வசவு கலோரியை எரிப்பதில்லை.

இப்படி ஒரு மருத்துவர் முன் உட்கார்ந்தால் கேட்க ஒரு கேள்வி: "இதே தொல்லையோடு ஒல்லியான ஒருவர் வந்தால் எந்தப் பரிசோதனை எழுதுவீர்கள்? எனக்கும் அதையே எழுதுங்கள்." சண்டைக்குரல் வேண்டாம், சாதாரணமாகக் கேளுங்கள்.

கூழாங்கல் | புதன், பிற்பகல் 1.50

எழுதி வைத்துக்கொண்டேன். நான்கு மாதமாகப் படியேறினால் தலைசுற்றல். எடையால்தான் இருக்கும் என்று நானே முடிவுசெய்து போகாமலே இருந்தேன். எனக்கு நானே அந்த மருத்துவர்.

பெயர்வேண்டாம் | புதன், இரவு 9.15

ஊசி மருந்தில் இருக்கிறேன். செமாகுளூட்டைடை எடைக்குறைப்புக்காக அமெரிக்காவில் 2021-இல் அனுமதித்தார்கள் அல்லவா, அந்த வகை. எடை இறங்குகிறது. முன்பு "மனவுறுதி இல்லாதவள்", இப்போது "குறுக்குவழிக்காரி". பாராட்டுபவர் கண்ணிலேயே "ஊசியா?" என்ற கேள்வி நிற்கிறது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு வினோதமாக இருக்கிறது. மருந்து எடுத்த மூன்றாம் வாரம், தலைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த உணவுப் பேச்சு நின்றது. ஒல்லியானவர்கள் எல்லாரும் இந்த அமைதியோடுதான் வாழ்ந்தார்களா? நான் இத்தனை நாள் எதனோடு சண்டை போட்டேன், அதற்குக் குணக்கேடு என்று ஏன் பெயர் வைத்தேன் என்று அன்று அழுதேன்.

இரண்டாம்மாடி | வியாழன், காலை 10.20

பதின்மூன்று வயது மகளின் அம்மா. எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பயந்துபோனேன். அவள் கைப்பேசியில் ஓடும் முகங்களைப் பிடுங்கவும் முடியவில்லை. ஃபிஜித் தீவில் ஆன் பெக்கர் செய்த ஆய்வைப் படித்திருக்கிறேன். ஆய்வு நடந்த பகுதிக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. பள்ளிப் பெண்களில் உண்ணுதல் தொடர்பான கவலைக்குரிய மதிப்பெண் பெற்றவர்கள் அப்போது 12.7 விழுக்காடு, மூன்றே ஆண்டில் 29.2 விழுக்காடு. எடை குறைக்க வாந்தியெடுப்பவர் ஒருவர்கூட இல்லாத இடத்தில் 11.3 விழுக்காட்டினர் அதைச் செய்தார்கள். அது வெறும் தொலைக்காட்சி. 2021-இல் கசிந்த முகநூல் நிறுவனத்தின் உள் ஆவணங்களில், தங்கள் உடலைப் பற்றி வருந்திய பதின்வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர் இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியதாகச் சொன்னது இருக்கிறது.

ஆனால் இன்று காலை என் மகள் கேட்டது இன்ஸ்டாகிராம் பற்றி இல்லை. "அம்மா, நீ கண்ணாடி முன்னால் வயிற்றை உள்ளே இழுத்துவிட்டுத்தான் வெளியே போகிறாய், ஏன்?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. சாய்வுநாற்காலி அம்மா, உங்கள் அம்மாவின் கண் எனக்குள் இருக்கிறது.

வழிப்போக்கன் | வியாழன், இரவு 10.00

இரண்டு நாட்கள் எழுதாமல் படித்தேன். என் முதல் பதிவின் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். நேற்று மனைவியிடம் இதைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் இளைத்திருந்த அந்த ஓர் ஆண்டு நீங்கள் என்னை நிறைய வெளியே அழைத்துப் போனீர்கள், ஞாபகம் இருக்கிறதா?" என்றாள். எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு ஒவ்வொரு இடமும் ஞாபகம் இருக்கிறது.

பளுதூக்கி | வியாழன், இரவு 10.12

இப்போது அழைத்துப் போங்கள். காரணம் சொல்லாமல்.

நிலாமுற்றம் | அடுத்த செவ்வாய், இரவு 9.40

ஆலோசகரைப் பார்த்தேன், இனி வாரம் ஒருமுறை. எடைபார்க்கும் கருவி அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. முதல் மூன்று நாட்கள் எழுந்ததும் கால் தானாகக் குளியலறை மூலைக்குப் போய் வெறும் தரையில் நின்றது. கால்சட்டையின் இறுக்கத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன், நான்கு கிலோ ஐந்தாகியிருக்க வேண்டும். பயம் போகவில்லை. நாளுக்கு மூன்று முறை வந்தது இப்போது எப்போது வேண்டுமானாலும் வருகிறது, அது முன்னேற்றமா என்று ஆலோசகரிடம் கேட்க வேண்டும்.

மின்தூக்கிக்காரர் வெள்ளிக்கிழமை மறுபடி கதவைப் பிடித்தார். இன்னும் மெலிந்துவிட்டீர்கள் என்றார், கண்பார்வையைச் சோதிக்க வேண்டிய ஆள். "என் பெயர் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. ஐந்து தளம் இருவரும் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இறங்கும்போது பெயரைச் சொன்னேன். திங்கட்கிழமை காலையில் உரக்கப் பெயர் சொல்லி வணக்கம் வைத்தார்.

தவறான பெயர்.

சிரித்துக்கொண்டே திருத்தினேன். கை நடுங்கவில்லை.

கூழாங்கல், தலைசுற்றல் என்ன ஆயிற்று?

கூழாங்கல் | அடுத்த செவ்வாய், இரவு 9.58

நேற்றுப் போனேன். வாய் திறக்கும் முன்பே "எடை" என்று தொடங்கினார். இரவுப்பணி அக்கா எழுதிய கேள்வியை அப்படியே கேட்டேன், குரல் கொஞ்சம் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு இரத்த அழுத்தத்தைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அளந்தார், நான்கு பரிசோதனைகள் எழுதினார். முடிவு வியாழக்கிழமை.